கல்லீரல் கேட்பது எடைக்குறைப்பை

அன்புள்ள கதிர்,

அப்பாவுக்கு ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று ஸ்கேனில் வந்திருப்பதாகவும், கத்தி வைக்காமல் எடை குறைக்கும் சிகிச்சை செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய்.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கொழுப்பால் அழற்சி வரும், அழற்சியால் தழும்பு விழும், தழும்பு முற்றினால் சிரோசிஸ். முற்றுவதற்கு முன் எடை குறைந்தால் கல்லீரல் தேறிவிடும். 90 கிலோ இருக்கும் அப்பா நாலரைக் கிலோ இறங்கினாலே கொழுப்பு கரையத் தொடங்கும். 7 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியலாம். தழும்பு ஆற வேண்டுமானால் 10 சதவீதம், அதாவது 9 கிலோவாவது குறைய வேண்டும்.

கத்தி வைக்காத வழிகளில் ஒன்று பலூன் சிகிச்சை. எண்டோஸ்கோப் உதவியோடு வாய்வழியே சிலிக்கோன் பலூனை இரைப்பைக்குள் இறக்கி, ஏறக்குறைய அரை லிட்டர் உப்புநீர் நிரப்புவார்கள். அதில் நீலச் சாயமும் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போய்க் காட்டிக்கொடுத்துவிடும். முதல் சில நாள் குமட்டலும் வாந்தியும் பாடாய்ப் படுத்தும். பெரும்பாலும் 6 மாதத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்குள் சாப்பாட்டுப் பழக்கம் மாறாவிட்டால், இறங்கிய எடை மறுபடி ஏறிவிடும்.

இன்னொன்று, எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்தே தையல் போட்டு இரைப்பையைக் குறுக்குவது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. இரைப்பையை வெட்டி எடுப்பதும் இல்லை. 2022-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், இதைச் செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 13.6 சதவீத எடை குறைந்தது. லேப்ராஸ்கோப்பி அறுவையில் இதைவிடக் கூடுதலாகக் குறையும்; ஆனால் ‘ஸ்லீவ்’ முறையில் முக்கால்வாசி இரைப்பையை எடுத்துவிடுவார்கள், அது திரும்பி வராது.

கத்தி இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடாதே. சிரோசிஸ் முற்றி, இரைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால் பலூனும் கூடாது, தையலும் கூடாது. ரத்தக்கசிவு உயிருக்கே உலை வைக்கும். ஆகவே முதலில் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போனால் போதும். விலா இடுக்கில் கருவியை வைத்து லேசாகத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.

அந்த ரிப்போர்ட்டோடு கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கிலோ குறைய வேண்டும், சிகிச்சை முடிந்தபின் உணவைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்று கேள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதே. நடையாலும் உணவாலுமே அந்த 9 கிலோ குறைந்துவிட்டால், பலூனும் வேண்டாம், தையலும் வேண்டாம்.

அன்புடன்,
மாமா