யாருக்காகப் பரிந்து பேசுகிறோம்?



மக்கா வெற்றியின்போது, செல்வாக்கு மிக்க மக்ஸூம் கிளையைச் சேர்ந்த ஒரு பெண் திருடிவிட்டார். தண்டனை நிறைவேறினால் குலத்துக்கே அவமானம் என்று குறைஷிகள் கவலைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைப் பேச அனுப்பினார்கள். உஸாமா பேசியதும் நபியவர்களின் முகம் நிறம் மாறியது. அல்லாஹ் விதித்த தண்டனையிலா பரிந்துரை செய்கிறீர் என்று கண்டித்தார்கள். பிறகு மக்கள் முன் எழுந்து நின்று, உயர்குலத்தார் திருடினால் விட்டுவிட்டு, எளியவர் திருடினால் தண்டித்ததே முன்சென்றோரை அழித்தது என்று எச்சரித்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் இதே தண்டனைதான் என்றும் அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது.

கண்ணியமானவர்களே! அங்கே முதலில் கண்டிக்கப்பட்டவர் பரிந்துரைக்க வந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஹைதராபாத் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, பல்லாண்டுகள் பொய்க்கணக்கு எழுதியதை 2009 ஜனவரி 7 அன்று கடிதம் மூலம் தாமே ஒப்புக்கொண்டார். பல ஆயிரம் கோடி ரூபாய் மோசடி. விசாரணைக் காலத்தில் சுமார் இரண்டரை ஆண்டுகள் சிறையில் இருந்தார். 2015 ஏப்ரல் 9 அன்று 7 ஆண்டு தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே, மேல்முறையீட்டை முன்னிட்டு தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

ஜாமீன் சட்டம் தந்த உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. அந்த உரிமை ஏழையின் கைக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி. இந்தியச் சிறைகளில் இருப்போரில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியின்றி உள்ளே கிடப்போருக்கு உதவ, 2023 மத்திய பட்ஜெட்டில் தனியாக ஒரு திட்டமே அறிவிக்க வேண்டியிருந்தது.

செல்வந்தராயினும் ஏழையாயினும் நீதியில் நிலைத்திருங்கள் என்பது அந்நிஸா அத்தியாயம் 135-ஆம் வசனத்தின் கட்டளை. பணக்காரர் என்பதற்காக ஒருவரை வெறுக்கவும் அதில் இடமில்லை, வளைந்துகொடுக்கவும் இடமில்லை.

இப்போது நம் மஹல்லாவுக்கு வருவோம். கடைக் கல்லாவில் ஐநூறு ரூபாய் எடுத்த பையனை அடித்து, அவன் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். கூட்டு வியாபாரம், ஹலால் லாபம் என்று சொல்லி ஐம்பது குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியவர் வந்தால் எழுந்து இடம் கொடுக்கிறோம். "பள்ளிக்கு நிறையச் செய்தவர், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். மகளின் நிக்காஹ்வுக்காகச் சேர்த்ததை இழந்த விதவைத் தாயிடம் யாரும் கேட்பதில்லை. உரிமை யாருடையதோ அவர்தான் மன்னிக்க முடியும். அதை மன்னிக்க ஜமாஅத்துக்கோ இமாமுக்கோ அதிகாரம் இல்லை.

எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். செல்வாக்குள்ளவருக்காகப் பேச அழைத்தால், முதலில் பணத்தை இழந்தவரின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். மோசடிப் பணத்தில் வரும் நன்கொடையைப் பள்ளிக்கு வாங்காதீர்கள். அல்லாஹ் தூய்மையானதைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. நம் தெருப் பிள்ளை சிறையில் இருந்தால், அவன் குடும்பத்தை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

அந்த மக்ஸூமிப் பெண் பின்னர் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணமும் முடித்தார். அவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வருவார். அவருடைய தேவையை அன்னையவர்கள் நபியவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள். தண்டனை முடிந்தபின் அவருக்காகப் பேச அந்த வீட்டிலேயே ஆள் இருந்தது. நம் பரிந்துரையும் அப்படிப்பட்டவர்களுக்கே போய்ச் சேரட்டும்.

வலியவர், எளியவர் என்று பாராமல் நீதியுடன் நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.