நாலு ஓட்டைதானே, ஏறிடுமா? வேறு பி.சி.டி. வீல் மாட்டும்முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பழைய அலாய் வீல் வாங்கப் போன எவரும் இதைக் கேட்டிருப்பார்: "நாலு ஓட்டைதானே சார், ஏறிடும்." மறைமலைநகர் ஆலையில் செய்த பழைய ஃபோர்டு ஃபிகோவையோ எக்கோஸ்போர்ட்டையோ வைத்திருப்பவர் இந்த வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. கடைகளில் அதிகம் கிடைப்பவை ஸ்விஃப்ட், சிட்டி, ஐ20 போன்ற கார்களின் வீல்கள். அவற்றின் நான்கு ஓட்டைகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஃபோர்டின் வட்டமோ 108 மி.மீ. பி.சி.டி. என்று கடைக்காரர்கள் சொல்வது இந்த வட்டத்தின் விட்டத்தைத்தான். எட்டு மில்லிமீட்டர் கண்ணுக்குச் சின்னது, சாலையில் பெரியது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் கீழே உள்ள பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நட்டை முடுக்கும்போது, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டை 110 நியூட்டன் மீட்டரில் முடுக்கினால் ஏறக்குறைய நாலரை டன் விசையில் அது வீலை அழுத்தும். நான்கும் சேர்ந்தால் 18 டன். அந்த அழுத்தத்தில் வீல் முகமும் ஹப் முகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. காரின் எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குவது இந்தக் கவ்வுதல்தான். ஓட்டை விலகியிருந்தால் நட்டு ஒரு பக்கம் மட்டுமே உட்காரும், முடுக்கிய விசையில் ஒரு பங்கு ஸ்டட்டை வளைக்கப் போய்விடும், பிடி தளரும். அதன்பின் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டட் ஒருதரம் வளைந்து நிமிரும். சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய அறுபதாயிரம் முறை. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, ஸ்டட்டும் அப்படித்தான் ஒடிகிறது.

செய்ய வேண்டியவை

1. அளந்து பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் வீல் தேடினாலும் உங்கள் ஊர் டயர் கடையில் தேடினாலும் கையில் ஒரு வெர்னியர் இருக்கட்டும். நான்கு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் போதும். ஐந்து ஓட்டை என்றால் நேர் எதிரே ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588-ஆல் வகுங்கள். 58.8 மி.மீ. வந்தால் பி.சி.டி. 100, 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3.

2. கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் மாடலைப் பாருங்கள். ஒரே மாருதியில் ஸ்விஃப்டுக்கு 4×100, பழைய ஆல்டோவுக்கு 4×114.3. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5×100, ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு 5×112. இன்னோவாவுக்கு 5×114.3, ஃபார்ச்சூனருக்கு 6×139.7.

3. பி.சி.டி.யோடு நிறுத்தாமல் மற்ற மூன்று அளவுகளையும் கேளுங்கள். முதலாவது நடு ஓட்டையின் விட்டம், அதாவது சென்டர் போர். ஸ்விஃப்டில் 54.1, ஃபிகோவில் 63.4 மி.மீ. இரண்டாவது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. மூன்றாவது ஸ்டட்டின் மரை. ஸ்விஃப்டில் 12 மி.மீ., 1.25 பிட்ச், ஃபிகோவில் 12 மி.மீ., 1.5 பிட்ச்.

4. உங்கள் பி.சி.டி.க்கே துளையிட்ட வீலைத் தேடுங்கள். எட்டு ஓட்டை போட்ட அலாய் வீல்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நான்கு 100 வட்டத்துக்கு, நான்கு 108 அல்லது 114.3 வட்டத்துக்கு. தயாரிப்பாளரே இப்படித் துளையிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். ஃபிகோக்காரருக்கு 100/108 எட்டு ஓட்டை வீல் நல்ல வழி. லேத்தும் வேண்டாம், அடாப்டரும் வேண்டாம்.

5. சென்டர் போர் பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடுங்கள். வீலின் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் வளையம் இது. மாட்டும்போது வீல் நடுவில் சரியாக உட்கார உதவும், அதிர்வைக் குறைக்கும்.

6. நட்டின் உட்காரும் முகத்தைப் பொருத்திப் பாருங்கள். கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை என்று மூன்று வகை உண்டு. ஹோண்டாவின் கம்பெனி வீலுக்கு உருண்டை நட்டு, வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் வளையம்போல ஒரு மெல்லிய கோடு மட்டுமே தொடும். வீல் மாறினால் நட்டையும் மாற்றுங்கள்.

7. வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும் சுமை அளவைப் படியுங்கள். ஒரு அச்சின் அதிகபட்சச் சுமையில் பாதியை ஒரு வீல் தாங்க வேண்டும். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள் ஜப்பானியத் தரச் சோதனையைக் குறிப்பவை.

8. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். துரு, மண், தடித்த பெயின்ட் எதுவானாலும் பின்னால் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போய்விடும்.

9. நட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 பிட்ச் என்றால் 8 முழுச் சுற்று, 1.25 பிட்ச் என்றால் 10 சுற்று.

10. குறுக்கு வரிசையில் முடுக்கி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். சுமார் 100 கி.மீ. ஓடியதும், வீல் ஆறியபின் மறுபடி சரிபாருங்கள்.

11. ஸ்டெப்னிக்குரிய பழைய நட்டுகளை டிக்கியிலேயே வைத்திருங்கள். போல்ட் போடும் வண்டிகளில் இது இன்னும் முக்கியம். அலாய்க்கான நீள போல்ட்டை இரும்பு ஸ்டெப்னியில் போட்டால் அது உள்ளே துருத்திக்கொண்டு பிரேக் பாகங்களில் இடிக்கலாம்.

செய்யக்கூடாதவை

1. ஓட்டையை லேத்திலோ கிரைண்டரிலோ நீட்டாதீர்கள். 100-ஐ 108 ஆக்க ஒவ்வொரு ஓட்டையையும் 4 மி.மீ. வெளியே இழுக்க வேண்டும். நீள்வட்டமான ஓட்டையில் கூம்பு நட்டு முழுதாக உட்காரவே முடியாது. பழைய ஓட்டையை வெல்டிங்கில் அடைத்துப் பக்கத்தில் புதிது போடுவதும் வேண்டாம். சூட்டில் பதப்படுத்திய அலாய் வெல்டிங் சூட்டில் வலு இழக்கும்.

2. ‘கிட்டத்தட்ட’ பொருந்துவதை நம்பாதீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 8 மி.மீ. வித்தியாசம் என்றால் வீல் ஏறாது, நீங்களே திரும்பிவிடுவீர்கள். ஃபியட் புன்ட்டோவின் 4×98-இல் 4×100 வீல் ஏறிவிடும், 5×112-க்கும் 5×114.3-க்கும் இடையிலும் வித்தியாசம் 2.3 மி.மீ. மட்டுமே. நட்டு இறுகுவதுபோலவே தோன்றும். உள்ளே ஸ்டட்டோ போல்ட்டோ சாய்ந்து நிற்கும். ஃபியட்டுக்கு நகரும் கூம்பு வளையம் வைத்த தனி போல்ட் உண்டு. நம்பகமான தயாரிப்பாக இருந்து, சென்டர் போரும் சரியாக உட்கார்ந்தால் மட்டுமே அதை யோசிக்கலாம். சாதாரண போல்ட்டால் சமாளிக்கக் கூடாது.

3. ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். 1.25 பிட்ச் நட்டு 1.5 பிட்ச் ஸ்டட்டில் ஓரிரு சுற்று போய்ச் சிக்கும். அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். மீறினால் இரண்டின் மரையும் போகும்.

4. மூன்று நட்டு பிடித்தால் போதும் என்று வண்டியை எடுக்காதீர்கள். விட்டுப்போன ஒன்றின் சுமையை மற்ற மூன்றும் சுமக்கின்றன.

5. காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி முடித்துவிடாதீர்கள். ஸ்டட்டுக்கு எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள். மரை வழுக்கினால் அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும்.

6. புது அதிர்வை ‘பேலன்சிங்தான்’ என்று தள்ளிப்போடாதீர்கள். வீல் மாற்றியபின் ஸ்டியரிங் ஆடினால், டக் டக் என்று சத்தம் வந்தால், ஓரமாக நிறுத்தி முதலில் நட்டைத் தொட்டுப் பாருங்கள். நட்டைச் சுற்றிப் புதுக் கீறலோ துருக்கோடோ தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

அடாப்டர்தான் வழி என்றால்

அடாப்டர் என்பது ஒரு தடித்த உலோக வட்டு. உங்கள் ஹப்பில் அதை முடுக்கி, அதன்மேல் வேறு பி.சி.டி.யில் இருக்கும் ஸ்டட்டுகளில் வீலை மாட்டுவார்கள். பி.சி.டி.யை மாற்றும் அடாப்டர் பொதுவாக 20 முதல் 25 மி.மீ. தடிமன் வேண்டும், அதைவிட மெலிந்ததில் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடம் போதாது. உங்கள் காரின் சென்டர் போருக்கும் புது வீலின் சென்டர் போருக்கும் கடைந்து எடுத்ததாக இருக்கட்டும். வார்த்த மலிவு வட்டு வேண்டாம், ஸ்டட் வைக்காத வெறும் தட்டு ஸ்பேசர் பி.சி.டி.யை மாற்றாது.

அடாப்டரின் தடிமன் முழுவதும் வீலை வெளியே தள்ளும். 40 ஆஃப்செட் வீலுக்குப் பின்னால் 25 மி.மீ. வைத்தால் ஆஃப்செட் 15 போலாகிவிடும். வீல் பேரிங்கின் சுமை கூடும், ஸ்டியரிங் பள்ளத்தில் இழுக்கும், டயர் ஃபெண்டரில் உரசும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்துப் பாருங்கள். வீலைக் கையால் சுற்றிக் காலிப்பரில் உரசுகிறதா என்று கேளுங்கள். இனி வீலுக்கு ஒன்று, அடாப்டருக்கு ஒன்று என்று இரண்டு வரிசை நட்டு. இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அலாய் வீல் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் நின்று கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விகள்: பி.சி.டி. என்ன, சென்டர் போர் என்ன, ஆஃப்செட் என்ன, என்ன மரை, எந்த நட்டு? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "ஏறிடும் சார்" என்றால் வீலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஓடும் காரிலிருந்து கழன்ற சக்கரம், டயரோடு சேர்த்து 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, வண்டியின் வேகத்திலேயே உருண்டு போகும். எதிரே ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிறுத்தி வருகிறவருக்கு உங்கள் பி.சி.டி. தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.