பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால்?

மழை விட்ட மறுநாள் விடியக்காலை, மல்லிகை மூட்டையோட பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அப்பாவின் பழைய மொபெட் தாடிக்கொம்பு ரோட்டில் நின்னுபோச்சு. பிந்தினால் பூ விலை போகாது. மெக்கானிக் மாமா கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து, "டேங்க் மூடி சரியில்ல தம்பி, தண்ணி இறங்கிருச்சு" என்றார்.

கொஞ்சூண்டு தண்ணிக்கா இவ்வளவு? வேதியியல் சார் மைதானத்தில் வைத்துச் செய்து காட்டினார் (வீட்டில் செய்யாதீங்க!). அளவுச் சாடியில் 20 மி.லி. பெட்ரோல், 5 மி.லி. தண்ணீர். குலுக்கி வைத்தோம். அடியில் இருந்த தண்ணீர் ஏறக்குறைய 9 மி.லி. ஆகிவிட்டது!

காரணம் எத்தனால். 2003-ல் 5 சதவீதமாகத் தொடங்கிய கலப்பு, 2025-ல் 20 ஆனது. கரும்பிலிருந்தும், நம்ம மாவட்டத்தில் விளையும் மக்காச்சோளத்திலிருந்தும்கூட இதை எடுக்கலாம். ஆனால் பெட்ரோலைவிட தண்ணீர்தான் எத்தனாலுக்கு நெருங்கிய சொந்தம். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியில்தானே!

லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜும் சற்றுக் குறையும்.

மாமா டேங்கைக் காலி பண்ணி, மூடிக்குப் புது வாஷர் போட்டார். பழைய ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி உப்பியிருந்தது, அதையும் மாத்தினார். அன்றைக்குப் பூ பஸ்ஸில்தான் போனது.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு