வீட்டுத் தோட்டப் பாடம்: குட்டித் தக்காளிக்கு விதை நம்ம கையிலேயே



லயத்து வாசலில் கொஞ்சம் மண் இருந்தால் குட்டித் தக்காளி போடலாம். கொழும்பில் ஹெவ்லொக் டவுன் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் மாடியில் பூச்சட்டியிலும் போடலாம். கொழும்புச் சூட்டில் பெரிய தக்காளி பூவை உதிர்த்துவிடும். குட்டித் தக்காளி ஓரளவு தாங்கிக் காய்க்கும்.

முதலில் விதையைக் கவனியுங்கள். பக்கெட்டில் 'எஃப் 1' என்று இருந்தால் அது கலப்பின விதை. அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. வழிவழியாக வந்த விதை என்றால் அப்படியே வரும். 2022இல் எல்லாமே விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீங்க. விதை கையில் இருந்தால் அந்தச் செலவாவது மிச்சம்.

1. நன்றாகப் பழுத்த பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து, விதையைச் சாறோடு 2 நாள் புளிக்க விடுங்கள். கழுவி, நிழலில் காயவைத்து, போத்தலில் மூடி வையுங்கள்.

2. அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். 5 முதல் 10 நாளில் முளைக்கும். 4 வாரத்தில் 2 அடி இடைவிட்டு நட்டு, கம்பு ஊன்றிக் கட்டுங்கள்.

3. உருளைக்கிழங்கு, மிளகாய், கத்தரி போட்ட மண்ணில் உடனே நட வேண்டாம். வாடல் நோய்க் கிருமி மண்ணில் தங்கும்.

4. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால் போல இழை கசிந்தால் அதே நோய்தான். மருந்தால் மாறாது. பிடுங்கி எரித்துவிடுங்கள்.

நன்றாகக் காய்க்கும் செடி ஒன்றில் நூல் கட்டி வையுங்கள். அதன் முதல் பழங்களைப் பிள்ளைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்க. அடுத்த போகத்துக்கு விதை அதுதான்.