சேடை ஓட்டும் முன் டிராக்டரைச் சோதியுங்கள்

வானகரத்தைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகிவிட்டன. ஆயினும் பூந்தமல்லிக்கு மேற்கே திருவள்ளூர் வரையிலும் சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் பயிராகி வருகிறது. பட்டம் தொடங்கியதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உழவு தேவைப்படுகிறது. அப்போது டிராக்டர் பழுதாகி நின்றால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும், மகசூலும் குறையும். பழுது பார்க்கும் செலவைவிட இந்த இழப்பே பெரிது. நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

காலையில் கவனிக்க வேண்டியவை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை இயக்குமுன் ஆயில் அளவைப் பாருங்கள். அளவுகோலின் இரு கோடுகளுக்கு இடையே ஆயில் இருக்க வேண்டும்.

2. ரேடியேட்டரில் தண்ணீர் அளவைப் பாருங்கள். இஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

3. காற்று வடிகட்டி ஆயில் வகையானால் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் மண்டி படிந்திருந்தால் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். இஞ்சினுக்குள் புகும் தூசி பிஸ்டன் வளையங்களையும் லைனரையும் தேய்த்துவிடும்.

4. மின்விசிறி பெல்ட், டயர் காற்று, சக்கர நட்டுகள், ரோட்டவேட்டர் கத்திகளின் போல்ட்டுகள் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

டீசலை மாலையிலேயே நிரப்பிவிடுங்கள். தொட்டி காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளிருக்கும் ஈரம் நீராகி டீசலில் கலக்கும்.

சேடைக்குத் தனிக் கவனம்

சேடை ஓட்டும்போது முன் அச்சு சேற்று நீரில் அமிழ்கிறது. ஆகவே அன்றைய வேலை முடிந்ததும் வண்டியைக் கழுவி, கிரீஸ் முனைகள் அனைத்திலும் பழைய கிரீஸும் சேறும் வெளிவரும் வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால், சீல் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதோடு ஓட்டினால் பேரிங்கும் பற்சக்கரமும் கெடும். சீலை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

உயிர் காக்கும் இரு சோதனைகள்

வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக்குகளைப் பிரித்து வைத்திருப்போம். பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்ற சாலையில் ஏறுமுன் இரண்டையும் தாழிட்டு இணைத்துவிடுங்கள். வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி குடை சாயும். பி.டி.ஓ. தண்டின் மேலுறை இல்லாமல் ரோட்டவேட்டரை இயக்கக் கூடாது. சுழலும் தண்டு வேட்டி நுனியைப் பற்றினால் ஆளையே இழுத்துவிடும். கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்குமுன் இஞ்சினை நிறுத்துங்கள்.

கணக்கு வையுங்கள்

மீட்டர் காட்டும் ஓட்ட மணிகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பல வண்டிகளுக்கு இஞ்சின் ஆயிலை 250 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எனினும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. ஆயிலோடு அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

வாடகை டிராக்டரை நம்பியிருப்போரும் வண்டி வயலில் இறங்குமுன் தண்டின் உறையையும் கத்தி போல்ட்டுகளையும் பார்க்கலாம். குறை தெரிந்தால் ஓட்டுநரிடம் சொல்லிச் சரி செய்த பிறகு உழவைத் தொடங்குங்கள்.