டிராக்டர் ஸ்டியரிங்கில் சத்தமா?

திருச்செந்தூர் வட்டாரத்தில், ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் பாசன வயல்களில் தொழி உழவு செய்யும் டிராக்டர்களின் முன் அச்சு மூட்டுகளில் சேறு புகுந்துவிடும். கிரீஸ் கரைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சத்தம் எழும். சத்தத்தைக் கொண்டே பழுதை ஓரளவு அறியலாம்.

'கிறீச்' என்றால் கிங் பின்னில் கிரீஸ் வற்றியிருக்கலாம். 'டக் டக்' என்றால் டை ராடு முனையிலுள்ள பந்து மூட்டு தேய்ந்திருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் லேசாக அசைக்க, மற்றவர் மூட்டில் ஆட்டம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கில் முனகல் கேட்டால் எண்ணெயின் அளவைப் பார்க்கவும்.

ஆட்டம் கண்ட மூட்டுடன் வாழைத்தார் ஏற்றிச் சாலையில் செல்லக் கூடாது. மூட்டு கழன்றால் முன்சக்கரம் கட்டுப்படாது. தொழி உழவு முடிந்ததும் முன் அச்சைக் கழுவி, சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதிய கிரீஸ் அடிப்பது நல்லது.