குச்சி ஐஸுக்கு ஒரு சர்க்கரைக் கணக்கு

மே மாசம் பொறந்தா வளவு நிறையப் பிள்ளைகள்தான். சென்னையிலேர்ந்து வர்றது, சிங்கப்பூர்லேர்ந்து வர்றது, உன் நாத்தனார் பிள்ளைகள் வேற. மத்தியானம் மூணு மணிக்கு ஐஸ் வண்டி மணி கேட்டா மொத்தக் கூட்டமும் முகப்புக்கு ஓடும். ஓடட்டும், வேண்டாங்கலை. ஆனா தினமும் அந்த வண்டியையே நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம் தங்கச்சி. பழம் மலிஞ்சு கிடக்கிற நாள்ல வீட்டுலயே போட்டுடலாம். என்ன தண்ணி, என்ன கலர்னு யோசிக்க வேண்டியதில்லை. "நான் போட்டா மட்டும் கல்லாப் போகுதே, கடிக்கவே முடியலையே"ன்னு போன்ல கேட்டியே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

தப்பு உன் ஃபிரிட்ஜ் மேல இல்ல. சர்க்கரை பத்தலை. வெறும் தண்ணி 0 டிகிரியிலேயே உறைஞ்சிடும். சர்க்கரை கரைஞ்ச தண்ணி அதுக்கும் கீழே இறங்கினாத்தான் உறைய ஆரம்பிக்கும். அப்படி உறையும்போதும் தண்ணி மட்டும் ஐஸ் பொடியாப் பிரியும், மிச்சம் இருக்கிற பாகு கெட்டியாகிக்கிட்டே போய், அந்தப் பொடிக்கு நடுவுல உறையாம நிக்கும். கடிச்சா பல்லு இறங்குறது அந்தப் பாகு இருக்கிறதாலதான். சர்க்கரையைக் குறைச்சா பாகும் குறையும், ஐஸ் பாறையாகும். அள்ளிப் போட்டுட்டா விடியவிடிய வச்சாலும் கொழகொழன்னு இருக்கும், குச்சி நிக்காது. பழத்துல இருக்கிற இனிப்பும் நாம போடுறதும் சேர்த்து, 100 கிராம் கலவையில 15லேர்ந்து 18 கிராம் இருந்தாக் குச்சி ஐஸ் பதமா வரும். இதுக்குத் தராசு தேட வேண்டாம். குடிக்கிற ஜூஸை விட ஒரு மடங்கு தூக்கலா இனிக்கணும், அவ்வளவுதான். குளிர்ந்ததும் நாக்குக்கு இனிப்பு மட்டாத்தான் தெரியும். இப்பத் திகட்டுற மாதிரி இருந்தாத்தான் அப்பச் சரியா இருக்கும். ஒரு சிட்டிகை உப்பும் போடு.

தர்பூசணியில தண்ணிதான் 90 சதவீதத்துக்கு மேல. இனிப்பு 100 கிராமுக்கு ஏறக்குறைய 6 கிராம்தான். அதனால அது தன்னால குச்சி ஐஸ் ஆகாது. வடிகட்டின சாறு அரை லிட்டருக்கு 5 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. 2025 கோடையில, ஊசி போட்டுச் சிவப்பேத்துறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பி, தர்பூசணி விலை விழுந்து விவசாயிங்க அழுதாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தச் சிவப்பு தக்காளியில இருக்கிற அதே லைகோபீன்தான். சாறு பிழிஞ்சா விரல்ல ஒட்டத்தான் செய்யும். பயப்படாம வாங்கு.

மாம்பழத்துல இனிப்பு தர்பூசணியை விட ரெண்டு மடங்கு. ரெண்டு கப் கூழுக்கு அரை கப் தண்ணி, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை போதும். நத்தம் பக்கத்துலேர்ந்து வர்ற பழம் நம்ம சந்தையில கிடைக்கும்போது, காம்புகிட்ட மோந்து பார்த்து எடு. தோலெல்லாம் ஒரே மஞ்சளா இருந்து, வாசனையே வரலைன்னா வச்சிடு. கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கிறதைச் சட்டம் தடை பண்ணியிருக்கு, ஆனாலும் நம்ம மூக்குதான் நமக்குக் காவல். அரை மணி நேரம் தண்ணியில போட்டு வச்சு, காம்புப் பாலைக் கழுவிட்டு நறுக்கு. நாட்டுப் பழம்னா நார் இருக்கும், சல்லடையில தேய்ச்சு எடுக்காம விட்டுடாதே. உறைஞ்ச பிறகு ஒவ்வொரு நாரும் பல்லிடுக்குல மாட்டும். கூழை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கைச் சர்க்கரை போட்டு அஞ்சு நிமிஷம் அடுப்புல கிளறி ஆறவிட்டு, மறு பங்கைப் பச்சையாக் கலந்து பாரு. காய்ச்சினது கெட்டியைக் கொடுக்கும், பச்சை வாசனையைக் கொடுக்கும். எலுமிச்சை பிழியறதெல்லாம் ஆறின பிறகுதான்.

எனக்குன்னு ஒண்ணு கேட்டா பலாப்பழ ஐஸ்தான். ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலா வந்து இறங்குற நாள்ல செஞ்சு பாரு. கொட்டை நீக்கின 15 சுளையை அரைச்சுக்கோ. 3 டேபிள்ஸ்பூன் வெல்லத்தைத் துளித் தண்ணியில கரைச்சு, மண் போக வடிகட்டி, நல்லா ஆறவிடு. அதுக்கப்புறம்தான் ஒரு கப் தேங்காய்ப்பால், அதுவும் முதல் பால், ஊத்தணும். வெல்லம் சூடா இருக்கும்போது ஊத்தினாத் திரிஞ்சு எண்ணெய் மிதக்கும். ஏலக்காய் ஒண்ணு, சுக்கு ஒரு சிட்டிகை. தேங்காய்ப்பால்ல இருக்கிற கொழுப்பு ஐஸ் பொடி ஒண்ணோடொண்ணு சேர்ந்து பெரிசாகாமத் தடுக்கும், அதனால நாக்குல வழுக்கிக்கிட்டுப் போகும். இதைக் குச்சியில போடாதே. கிண்ணத்துல உறைய வச்சு, கவுனி அரிசியைக் குழைய வேகவச்சு நெய்யும் சர்க்கரையும் போட்டு வெதுவெதுப்பா வச்சுக்கிட்டு, அது மேல ஒரு கரண்டி எடுத்து வை. கவுனியே பர்மாவுலேர்ந்து வந்ததுன்னு நம்ம பக்கத்துல சொல்வாங்க. அந்தப் பக்கத்து ஊர்கள்ல ஒட்டரிசியோட மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சாப்பிடறது வழக்கம், ஆக இந்தச் சேர்க்கை ஒண்ணும் புதுமோஸ்தர் இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: வெந்த கவுனியை ஐஸுக்குள்ள போட்டு உறைய வச்சிடாதே. குளிர்ல மாவுச்சத்து விறைச்சு, அரிசி திரும்பப் பச்சை அரிசி மாதிரிக் கடகடன்னு ஆயிடும்.

வாழைப்பழத்துக்குச் சர்க்கரையே வேண்டாம். கறுக்க ஆரம்பிச்ச பூவனோ கற்பூரவள்ளியோ, தோலுரிச்சு வில்லையா நறுக்கித் தட்டுல ஒட்டாமப் பரப்பி ராத்திரி ஃப்ரீஸர்ல வச்சிடு. காலையில எடுத்து அஞ்சு நிமிஷம் வெளியில வச்சுட்டு, மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு விப்பர்ல விட்டு விட்டுச் சுத்து. முதல்ல பொடியாத் தெறிக்கும், மனசு விட்டுடாதே. இன்னும் ரெண்டு தடவை தள்ளிவிட்டுச் சுத்தினா, வெண்ணெய் திரண்ட மாதிரி ஒண்ணாச் சேர்ந்து வரும். பழத்துல இருக்கிற பெக்டின் வேலை அது. நேரா எடுத்த கல்லை ஜார் நிறையப் போட்டு ஓடவிட்டா மோட்டார் கருகும். நேந்திரம் இதுக்கு ஆகாது, மாவா இருக்கும்.

பால் சேர்க்கிற ஐஸ்ல அன்னாசி, பப்பாளி ரெண்டையும் பச்சையாப் போடவே கூடாது. அதுல இருக்கிற நொதி பாலோட புரதத்தை உடைச்சுக் கசப்பாக்கிடும். ஃப்ரீஸர்ல வச்சாலும் அந்த நொதி சாகாது, கொதிக்கவச்சாத்தான் அடங்கும். அன்னாசியை நறுக்கிச் சர்க்கரையோட பத்து நிமிஷம் வேகவச்சு, ஆறின பிறகு பாலோட சேர்.

கம்பம் பன்னீர் திராட்சை வந்தா மிக்ஸியில போடாதே. கொட்டை அரைபட்டாக் கசக்கும். கழுவி, ஒரு கொதி விட்டு, மத்தால மசிச்சு வடிகட்டு. தோல்லேர்ந்து வர்ற நிறமே போதும், கலர்ப்பொடி பக்கமே போக வேண்டாம். கொட்டையில்லாத திராட்சையை அப்படியே முழுசா உறைய வச்சுக் கொறிக்கிறதும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது பெரியவங்களுக்கு மட்டும். அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை கையில முழுத் திராட்சையைக் கொடுக்காதே, தொண்டையில போய் அடைக்கும். நீளவாக்குல நாலாக் கீறி, லேசா இளகவிட்டுக் கொடு.

நுங்கை உறைய வைக்காதே, தங்கச்சி. இளகும்போது தண்ணி கழண்டு ரப்பராயிடும். நுங்கு ஆசைக்கு இளநீர் ஐஸ் போடு: வழுக்கையை வழிச்சு, கொஞ்சம் இளநீர் விட்டு அரைச்சு, மீதி இளநீரும் ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரையும் கலந்து உறைய வச்சு, கொடுக்கும்போது மேல நுங்கைப் பொடியா நறுக்கிப் போடு. பானகத்தையும் இப்படி ஊத்தி வைக்கலாம். கருப்பட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாம் வழக்கமா நாம கரைக்கிற அளவுதான், இனிப்பை மட்டும் கூட்டிக்கோ. "கருப்பட்டிதானே, நாட்டுச் சர்க்கரைதானே"ன்னு சர்க்கரை வியாதி இருக்கிற அப்பச்சிக்கு ஒண்ணுக்கு ரெண்டாக் கொடுத்துடாதே. ரத்தத்துக்குப் பேரெல்லாம் தெரியாது, அதுவும் சர்க்கரைதான்.

அச்சுக்குக் கடைக்குப் போகணும்னு இல்ல. சின்ன எவர்சில்வர் டம்ளர்தான் எனக்குப் பிடிச்ச அச்சு. பிளாஸ்டிக்கை விடச் சீக்கிரம் குளிரும், சீக்கிரம் உறைஞ்சா ஐஸ் பொடி நைஸா இருக்கும். தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் உப்பும், அதனால விளிம்புக்கு ஒரு விரல்கடை விட்டு ஊத்து. கண்ணாடி டம்ளர் வேண்டாம், விரிசல் விடும். வாயை ஃபாயில் தாளால மூடி, நடுவுல கீறி, ஐஸ் குச்சியைச் செருகினா நேரா நிக்கும். ஃபாயில் இல்லைன்னா ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, பாதி உறைஞ்ச பதத்துல குத்து. எடுக்கும்போது டம்ளரைக் குழாய்த் தண்ணியில கழுத்தளவு பத்து எண்ணுற நேரம் முக்கினாப் போதும், வெந்நீர் வேண்டாம்.

அலமாரியில அடுக்கியிருக்கிற அந்தக் காலத்து எனாமல் கிண்ணத்தைப் பார்த்து உனக்கு ஆசை வரும்னு தெரியும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகள்ல இன்னைக்கு அதுக்கு என்ன விலை சொல்றாங்கன்னு பார்த்தியா? பூச்சு பெயர்ந்த கிண்ணம் அழகுக்கு இருக்கட்டும், அதுல சாப்பாட்டுச் சாமான் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையில மாம்பழம், எலுமிச்சை எதுவும் படவே கூடாது, களிம்பேறிடும். மானாமதுரை மண் குவளையில பரிமாறலாம், நல்லா இருக்கும். ஆனா ஈரமா ஊறின மண்ணை ஃப்ரீஸருக்குள்ள வச்சா வெடிக்கலாம். கீழ்த்தட்டுல குளிர வச்சு எடுத்தாப் போதும்.

ஐஸ் ஊத்தி வைக்க நேரம் ராத்திரி பத்து மணிக்கு மேல. பகல்ல ஆளாளுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கிட்டே இருந்தா மெதுவாத்தான் உறையும், பொடி பெரிசாகும். கரண்ட் போச்சுன்னா கதவைத் திறந்து "இளகிடுச்சா"ன்னு பார்க்கிற ஆளை முதல்ல தடுத்து நிறுத்து. மூடியே இருந்தா ஃப்ரீஸர் சில மணி நேரம் தாங்கும். பால், தேங்காய்ப்பால் போட்ட ஐஸ் முழுசா இளகிடுச்சுன்னா திரும்ப உறைய வைக்காதே, கிருமி ஃப்ரீஸர்ல சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அப்பவே குடிச்சு முடி, ரொம்ப நேரம் ஆகியிருந்தாக் கொட்டிடு.

எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்குக் கொடுத்தனுப்பணும்னா தூக்குல போட்டு, காஞ்ச கெட்டித் துண்டால சுத்தி அனுப்பு. ஈரத்துணி வேண்டாம். சென்னையில ஐஸ் ஹவுஸ் இருக்கே, இப்ப விவேகானந்தர் இல்லம், அது 1842ல கட்டினது. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்து ஏரியில வெட்டின ஐஸ், கப்பல்ல மரத்தூள் பொதியில மாசக்கணக்கா வந்து அங்க இறங்கினது. வெயிலை உள்ளே விடாம காஞ்ச பொருள் தடுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃப்ரீஸரே நிறைஞ்சு போச்சா? பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடு. வாளியில மூணு பங்கு நொறுக்கின ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. உப்பு பட்ட ஐஸ் இளகும்போது சுத்தியிருக்கிற சூட்டை இழுக்கும், பதமாக் கலந்தா -21 டிகிரி வரைக்கும் இறங்கும். நடுவுல, ஐஸ் கலவை ஊத்தி மூடி இறுக்கின தூக்கை இறக்கி, அரை மணி நேரம் கைமாத்திக் கைமாத்திச் சுழட்டச் சொல்லு. இடையில ரெண்டு தடவை திறந்து ஓரத்துல உறைஞ்சதைச் சுரண்டி விடு. மீன் கடை ஐஸ் கட்டி வாளிக்கு ஆகும், டம்ளருக்கு ஆகாது. அந்த உப்பு ஐஸை வெறுங்கையால அள்ள விடாதே, தோல் பொசுங்கின மாதிரி எரியும்.

செஞ்சதை மூடி, தேதி எழுதி வை. ரெண்டு வாரத்துக்குள்ள காலி பண்ணிடு, அதுக்கு மேல போனா மீன் வாசனை, வெங்காய வாசனையெல்லாம் ஏறும். சாப்பிட எல்லாரையும் வளவு ஓரத்துல, கருங்கல் படியில உட்கார வை. பட்டாலைத் தரையில பதிச்ச ஆத்தங்குடி கல் சிமெண்ட்ல பண்ணினது; எலுமிச்சையும் திராட்சையும் சொட்டினாப் பளபளப்பு போய் வெளுத்துடும். சொட்டின உடனே ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சதும் ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தேய்ச்சு விடு. கறை போகலையேன்னு ஆசிட் மட்டும் ஊத்திடாதே, அப்பத்தாவுக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது.